இரண்டு தெரு தள்ளி

தம்பி,

ஆம்புலன்ஸ் டூட்டிக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ரெண்டு வாயாவது சாப்பிடு. உன்னோடு பேசாமல் இருப்பது கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

குடித்து மயங்கிய உன் நண்பன் சோடாபுட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, தூங்கினால் தெளிந்துவிடும் என்று நீங்கள் எல்லோரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துப் பிள்ளை போய்விட்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றவனிடம், "வேணாம்டா, எங்கக்காதான் வருவா, திட்டுவா" என்றாயாமே. இரண்டு தெரு தள்ளி வண்டியில் சும்மாதான்டா உட்கார்ந்திருந்தேன்.

இனி யாராவது குடித்துவிட்டு, தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால், ஒருக்களித்துப் படுக்கவை. தனியாக விடாதே. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு. நீயே குடித்திருந்தாலும் பண்ணு. திட்டமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். திட்டுவேன். ஆனால் முதலில் வருவேன்.

சாவி வழக்கமான இடத்தில்.

மறந்துவிட்டேன். சாயங்காலம் அவன் அம்மா வருவார்கள். தூங்கும்போது உடைந்துவிடக் கூடாது என்று நீ கழற்றி உன் சட்டைப் பையில் வைத்த அவன் கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. உன் கையாலேயே கொடு.

அக்கா