மூன்றரை என்றாய்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் மோகனப்ரியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இன்று மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஷோபா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

நேற்று உன் மாமியார் சிகாகோவிலிருந்து கூப்பிட்டார். "சம்மந்தியம்மா, பாப்பா நாலு பவுண்டு தாண்டிட்சி. இனிமே மூக்குல இருக்கிற டியூப எடுத்துடுவாங்களாம்" என்றார் சந்தோஷமாக. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம். நானும் தெரிந்தவள் போலவே "நல்லதாச்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஷோபா திருப்பதியில் நர்சாக இருக்கிறாள் அல்லவா? பவுண்டு என்றால் எவ்வளவு என்று அவளிடம் கேட்டேன். "அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி அத்தே. இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள். மூன்றரை பவுண்டுக்குக் கணக்குப் போடச் சொன்னேன். ஒன்றரைக் கிலோவும் கொஞ்சமும் என்றாள்.

குழந்தை பிறந்த அன்று நீ "மூணரைம்மா" என்றாய். தேதிக்கு முன்பே வலி கண்டதில் கலங்கிப் போயிருந்த நான், "மூணரை கிலோவா!" என்று கூவினேன். நீ "ஆமாம்மா" என்றாய். அந்த ஒரு ஆமாம்தான் எனக்கு ஆறவில்லை. டாக்டர் நாள் கணக்கைத் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். குழந்தையின் எடைக்கு வெல்லம் தருவதாகக் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டியிருந்தேனே, அதையும் செலுத்தினோம். கடைக்காரர் மூன்றரை கிலோ நிறுத்தபோது உன் நைனா பக்கத்தில்தான் நின்றார்.

நேற்று அவரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ள மொத நாளே சொல்லிட்டாரு. அம்மாக்குச் சொல்லாத நைனான்னு பிரியா அழுதுகினே இருந்தா. நான் இன்னா பண்றது?" என்றார். மூன்று வாரமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, நான் பூரித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் இன்னும் பேசவில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று தெரியாமல் இல்லை. உன் அண்ணனும் இப்படித்தான் கைக்குள் அடங்குகிற மாதிரி பிறந்து, பெயர் வைக்கும் முன்பே சித்தூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அதை நினைத்து நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தீர்கள். ஆனால், அப்படிப் பிறந்த பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் நான் ஒருத்திதானே? நீ பயந்து கிடந்த நேரத்தில் முதலில் என்னையல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, தெரு முழுக்க மைசூர்பாகு கொடுக்க வைத்தீர்கள்.

நீ அனுப்பிய படங்களில் எல்லாம் போர்வைக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்னைக் கூப்பிடு. போர்வையை விலக்கி, டியூபோடு, கை கால்களோடு என் பேத்தியை எனக்குக் காட்டு. நான் அழுவேன். அழுதாலும் போனை வைத்துவிடாதே.

தாயும் மகளும் தீர்க்காயுசோடு இருங்கள்.

உன் அம்மா,
மனோரமா