வாசலில் கிடந்த ஒரு ஜோடி செருப்பு

என் உயிருக்கு உயிரான முருகேசன் அப்பாவுக்கு,

நம் பேரப்பிள்ளைகள் எல்லாம் நன்றாக வந்துவிட்டார்கள். பெரிய பேரன் கப்பலில் இன்ஜினீயர். சின்னவன் கடம்பூரில் சொந்தமாகப் போளிக் கடை போட்டிருக்கிறான். விசேஷ நாளென்றால் கூட்டம் ரோட்டில் நிற்கிறதாம். பேத்தி சுதா கெமிஸ்ட்ரி படித்து, நீங்கள் பார்த்த அதே வேலைக்கு, ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாகப் போயிருக்கிறாள். பெண்பிள்ளை போர்மேன் என்று தெருவே பேசுகிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவள் நடப்பெல்லாம் உங்கள் நடப்பு. காலையில் மற்றவர்களுக்கு முன்னால் போய் வெடிமருந்து அறையைத் தானே பார்த்துவிடுவாள். தப்பு நடந்தால் முதலாளி முன்னால் தன்மேல் போட்டுக்கொள்வாள். திட்டுவதெல்லாம் அப்புறம் தனியாகத்தான். ஒருத்தி கொண்டையில் இரும்பு ஊசியோடு வந்தாளாம். "மாரியக்கா, இந்த ஊசியோட உள்ள போனா நாம எல்லாரும் ராக்கெட்டுல போவோம். டிக்கெட்டுகூடக் கிடையாது" என்றாளாம். மாரியக்காவும் சிரித்துக்கொண்டே கழற்றினாளாம். அது உங்கள் பேச்சு. அவள் பிறக்கும் முன்பே போய்விட்டீர்கள், யார் சொல்லிக் கொடுத்தது?

பட்டாசு செய்யும் செட்டுக்குள் செருப்பு ஆகாது, வாசலில் கழற்ற வேண்டும். சுற்றிலும் கருவேல முள், செருப்பில்லாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். அதனால் வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு என்பது உங்கள் கணக்கு. நீங்கள் போன அன்று, புகை தெரிந்ததுமே எல்லாரையும் பதறாமல் வெளியே அனுப்பினீர்கள். அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. "உள்ள ஒரு பிள்ள இருக்கு" என்று திரும்பப் போனீர்கள். அந்தப் பிள்ளையோ பயத்தில் பின்வாசல் வழியாக வெறுங்காலோடு காட்டுக்குள் ஓடியிருந்தது. உங்களைத்தான் தூக்கிவந்தார்கள்.

போன வாரம் சுதாவிடம் கேட்டேவிட்டேன். "ஏட்டி, நீயும் ஒங்க தாத்தா மாதிரி செருப்பத்தான் பாக்கியா?"

"இல்ல ஆச்சி. தாத்தா செருப்பப் பாத்தாவ, நான் மொகத்தப் பாக்கேன். வேல முடிஞ்சதும் மரத்தடியில பேரு வாசிப்பேன். ஒவ்வொருத்தரும் என்னப் பாத்து 'இருக்கேன்'னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் வேன் கிளம்பும்."

"ஒரு மொகம் கொறஞ்சா?"

டம்ளரைக் கழுவுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

கடைசி ஆளாக வெளியே வருகிறவர்தான் நல்ல போர்மேன். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே அது தெரியும். ஆனால் அவருடைய வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? 'உள்ளே போகாதே' என்று நான் எப்படிச் சொல்வது? உள்ளே நிற்கும் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு ஆச்சி இருப்பாளே. சொன்னாலும் இவள் கேட்பாளா? நீங்கள் கேட்டீர்களா?

அதனால் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன். வேன் கிளம்புமுன், எல்லாரும் செருப்பு மாட்டி நிற்கிற படம் என் போனுக்கு வர வேண்டும். தினமும் அதை உங்கள் படத்துக்கு முன்னால் காட்டுவேன், இது சத்தியம். காட்டாமல் சாப்பிட மாட்டேன்.

இன்றைக்கு வெயில் இறங்கிவிட்டது, படம் வரவில்லை. கையிலிருப்பது நேற்றைய படம். இந்தக் கடிதத்தை அவள் போனுக்கும் அனுப்பப்போகிறேன். சுதா, இதை நீ படித்தால் முதலில் புதுப் படம் அனுப்பு, தாயீ.

போனைக் கீழே வைக்காமல் இருக்கும்,
உங்கள் முருகேசன் அம்மா