பதின்மூன்று அங்குல ஸ்டியரிங்

வாசலைத் தாண்டும்போதெல்லாம் சட்டைப் பையைத் தட்டி, கார்ச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம். "அப்பா, காரில் சின்ன ஸ்டியரிங் பூட்டினால் திருப்பப் பாரமாக இருக்கும்." அவ்வளவுதான். மாளிகாவத்தையில் அந்தக் கார் உதிரிப்பாகக் கடையின் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம், உங்களுக்கு அருகில், தோளோடு தோள் படுகிற தூரத்தில் நின்றேன். வாய் திறந்திருந்தால் போதும்.

தெரியாமல் விடவில்லை. மறந்தும் விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன். இதைத்தான் ஒன்றரை வருடமாக எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பாரிசவாதம் உங்கள் வலது பக்கத்தை இழுத்து ஆறு மாதம் கழிந்திருந்தது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது. கால் திரும்பிவிட்டது. கைதான் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. பயிற்சி தரும் பெண் கொடுத்த மஞ்சள் பந்தைக் காலைச் செய்தி முடியும்வரை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். "பிடி நல்லாக் கூடியிருக்கு ஐயா" என்று அவர் சொன்ன நாளில், படியேறி வரும்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்தக் கை தேறிக்கொண்டிருந்தது, அப்பா. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கிழமையே சாவியை எடுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனையில் ஸ்டீபன் அங்கிளை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக வேண்டும். கப்பல் கம்பனி அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அவருக்கு முழங்கால் வளையாது. உங்களுக்கு அவர் இல்லாமல் மெழுகுதிரி ஏற்றத் தெரியாது. நெற்றியில் திருநீறும் கையில் மெழுகுதிரியுமாக நீங்கள் நிற்பதை அவர் ஒவ்வொரு கிழமையும் கிண்டல் செய்வார். ஒவ்வொரு கிழமையும் நீங்கள் அதைப் புதிதாகக் கேட்டதுபோல் சிரிப்பீர்கள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது நான் அலுவலகத்திலிருந்து ஏறிக்கொண்டேன். வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே, பெருந்தெருவான காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பினீர்கள். இடது கை கியருக்குப் போனது. அந்த ஒரு கணம் ஸ்டியரிங்கை வலது கை தனியே பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. கார் நடைபாதையில் ஏறி, பூக்காரம்மாவின் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"ஐயா, பூ வேணுமெண்டா இறங்கி வந்து வாங்குங்க!" என்றார் அவர். சனம் சிரித்தது. நீங்கள் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு மாலை வாங்கி வந்தீர்கள். கார் முழுக்க மல்லிகை வாசம்.

அம்மாவிடம் நீங்கள் சொன்ன காரணம் வேறு. "கையில பிழை இல்லையப்பா. அந்த ஸ்டியரிங் வண்டில் சில்லு மாதிரிப் பெரிசு. மேல பிடிச்சு வளைக்கத் தோள் எழும்புதில்லை. சின்னனா ஒண்டு போட்டால் கை மடிக்கு மேலயே நிண்டு திருப்பும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த ஒரே காரை, அந்த ஒரே பதினைந்தரை அங்குல ஸ்டியரிங்கோடு ஓடியவர் நீங்கள். வேறு அளவைப் பிடித்தே பார்த்ததில்லை. நான்தான் எதையும் வாசிக்காமல் விடமாட்டேனே. மறுநாள் அலுவலக மதிய இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய காரில் வட்டம் சிறுத்தால் பலம் கூடத் தேவை. நெம்புகோல் பாடம். பத்தாம் வகுப்பில் நீங்களே கதவைத் திறந்தும் மூடியும் எனக்குக் காட்டித் தந்தது. பிணைச்சலுக்குப் பக்கத்தில் தள்ளினால் பாரம், கைபிடியில் தள்ளினால் லேசு. நினைவிருக்கிறதா?

அந்த வாரம் முழுவதும் அம்மா என் பின்னாலேயே வந்தார். "நீ சொன்னா கேப்பார். வேற ஆற்ற சொல்லுக்கும் அந்த மனுசன் அடங்காது." அண்ணா ரொறொன்ரோவிலிருந்து தினமும் அழைத்தான். "நீயொருக்காக் கதைச்சு விடன். இல்லாட்டிச் சாவியை ஒளிச்சு வை. எங்க வச்சனெண்டு அம்மாவுக்கும் சொல்லாத, அவ காட்டிக் குடுத்திடுவா." அவனுக்கு எல்லாமே பகிடி. கடல் கடந்து இருப்பவர்களுக்குப் பகிடி விட வசதி இருக்கிறது.

உங்களுக்கு முன்னால் நின்று, "இனி நீங்கள் கார் ஓட வேண்டாம்" என்று சொல்ல என்னால் முடியவில்லை. முகத்தைப் பார்த்துக் கடினமான எதையும் சொல்ல நான் பழகவில்லை. அதை எங்கே பழகுவது? நம் வீட்டில் எவர் எவருக்குச் சொன்னார்கள்? கதவை அடித்துச் சாத்துவோம். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போவோம். சொல்ல மாட்டோம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நான் சொல்லத் தேவையில்லை. ஸ்டியரிங் சொல்லும்.

சனிக்கிழமை நாம் இருவரும் போனோம். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, மூன்று ஸ்டியரிங்குகளை மேசையில் வைத்தார். பதினாலரை, பதினாலு, பதின்மூன்று. நீங்கள் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தீர்கள், சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர்போல. பதின்மூன்றைத் தூக்கியதும் முகம் மலர்ந்தது. "இது காத்து மாதிரி லேசா இருக்கு!"

கையில் தூக்கும்போது லேசு. ஆனால் ஸ்டியரிங்கைத் தூக்கவா போகிறோம், அப்பா?

இருந்தாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தது. பதினாலரையையும் விடாமல் இடது கையில் வைத்திருந்தீர்கள். பழைய ஸ்டியரிங்கின் நடுத்துண்டு இதற்குப் பொருந்துமா என்று பார்க்க வெளியே காருக்குப் போனீர்கள். நானா என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, ஒண்டு செல்லட்டா? பவர் இல்லாத வாகனத்துக்கு இவ்வளவு சின்னதைப் போட்டா நிப்பாட்டி எடுக்கக்குள்ள நல்லாப் பாரமா ஈக்கும். வாப்பாட கையும் ஏலாம ஈக்கி தானே. வெளங்கப்படுத்திச் செல்லுங்க."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். இரண்டையும் உயர்த்திக் காட்டினீர்கள். எவரிடமும் எதுவும் கேட்காத மனிதர், என்னிடம் கேட்டீர்கள்: "எது பிள்ளை?"

பதின்மூன்றைக் காட்டினேன். "இது வடிவா இருக்கு அப்பா." நானா என்னைப் பார்த்தார். பிறகு தலை குனிந்து, அதைப் பூட்டுவதற்கான ஸ்பானர்களைத் தேடினார்.

வீதியில் ஓடும்போது பாரம் தெரியாது. கார் நகர்ந்துகொண்டிருந்தால் எந்த ஸ்டியரிங்கும் திரும்பும். வீடு வரும்வரை பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அன்று தரிப்பிடமும் வெறுமையாக இருந்ததால் நேரே உள்ளே விட்டீர்கள். மூன்று நாள் நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் கவனித்தீர்களா?

செவ்வாய் பகல் கொச்சிக்கடையிலிருந்து திரும்பினீர்கள். நான் அன்று லீவு. கீழே ஹோர்ன் சத்தம் கேட்டுப் பல்கனியால் எட்டிப் பார்த்தேன். எங்கள் தொடர்மாடிக்குக் கீழே, இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள நம்முடைய இடம். ஒரு பக்கம் வான் நின்றது, மறுபக்கம் தண்ணீர்த் தாங்கிச் சுவர். பின்னுக்கு எடுத்தீர்கள். முன்னுக்கு விட்டீர்கள். திரும்பப் பின்னுக்கு. காவலாளி சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். பின்னால் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் பொறுமையிழந்தார். மூன்றாம் மாடிப் பெண்கள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் இறங்கி வருவதற்குள் நீங்கள் காரை நிறுத்திவிட்டு வெளியே நின்றீர்கள். முதுகோடு சட்டை ஒட்டியிருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தீர்கள், அது வேறெவருடையதோ என்பதுபோல. காரைக் காவலாளிதான் உள்ளே விட்டார்.

"கை முடிஞ்சுது பிள்ளை" என்றீர்கள்.

அப்போதும் நேரம் இருந்தது. கை இல்லை அப்பா, ஸ்டியரிங். நாலு சொல். பழையது வீட்டில், அலுமாரிக்கு மேல், பத்திரிகையில் சுற்றி இருந்தது. ஒரு மணித்தியால வேலை.

"பரவாயில்லை அப்பா" என்றேன்.

சாவியை ஆணியில் மாட்டினீர்கள். அம்மா அன்று பாயாசம் வைத்தார். அண்ணா, "கெட்டிக்காரி, எப்பிடிச் சாதிச்சனி?" என்று எழுதினான். நான் ஒரு சிரித்த முகத்தைப் பதிலாக அனுப்பினேன்.

பஸ்ஸில் போகலாம் என்று சொன்னோம். நான் வாடகைக் கார் பிடித்துத் தருகிறேன் என்றேன். நீங்கள் போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் சவரம் செய்வதை நிறுத்தினீர்கள். பிறகு மற்ற நாள்களிலும். பந்தை எடுக்கவில்லை. "முடிஞ்ச கைக்கு என்ன பயிற்சி?" என்று பயிற்சிப் பெண்ணைத் திருப்பி அனுப்பினீர்கள். ஏழு மாதம் கழித்து இரண்டாம் முறை பாரிசவாதம் வந்தபோது, மருத்துவர் என்னவோ இரத்த அழுத்தம் என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கும் பழக்கம்தான் எனக்கு இல்லையே. நீங்கள் போன முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வீடு கழுவும்போது சோபாவுக்குக் கீழிருந்து அந்த மஞ்சள் பந்து உருண்டு வந்தது. அதில் உங்கள் விரல்களின் பள்ளம் இன்னும் இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. தூசிதான் இருந்தது.

செத்த வீட்டுக்கு வந்த அண்ணா, "நல்ல காலம் அவர் நேரத்தோட காரை விட்டது, ஆரையும் இடிச்சிருந்தா?" என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். இடித்தும் இருக்கலாம். பூக்காரம்மாவின் கூடை ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் எடுத்தது உங்களிடமிருந்து சாவியை மட்டும் அல்ல. உங்கள் கையையும் எடுத்தேன். சாவியைக் கேட்டிருந்தால் என்னோடு கோபித்திருப்பீர்கள். ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருப்பீர்கள். கை உங்களுக்கே இருந்திருக்கும்.

இப்போதைய செய்தி: நான் கார் ஓட அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் அலுவலகத்துக்குப் பிந்திப் போகிறேன். ஸ்டீபன் அங்கிளைக் கொச்சிக்கடைக்கு ஏற்றிப் போவது நான்தான். போன சனிக்கிழமைவரை, அந்தச் சின்ன ஸ்டியரிங்கோடு நம்முடைய இடத்தில் காரை விட்டு முடிக்கும்போது என் இரண்டு தோள்களும் எரியும். எனக்கு இருபத்தொன்பது வயது. என் கைகளில் ஒரு நோயும் இல்லை.

போன மாதம் கோயில் வாசலில் காருக்குள் இருந்தபடி அவரிடம் சொல்லிவிட்டேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, முழுவதையும்.

"கை போயிருச்சுன்னு என்கிட்ட அழுதான், மகள்" என்றார் அவர். "நான் கேட்டேன், டேய், புதுசாப் போட்ட ஸ்டியரிங் சரியில்லையோ என்னவோன்னு. அதுக்கு அவன், 'பிள்ளை பார்த்து எடுத்தது, அதில பிழை இருக்காது'ன்னான்."

அவர் கதவைத் திறந்து, வளையாத காலை முதலில் வெளியே வைத்தார். "இதை எனக்கு ஏம்மா சொல்றே? அவன்ட்டயில்ல சொல்லிருக்கணும்."

அதனால்தான் எழுதுகிறேன், பத்திரிகையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். மூடிய கடிதமென்றால் அதையும் அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவேன்.

சனிக்கிழமை பழைய ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டு மாளிகாவத்தைக்குப் போனேன். நானா என்னை மறக்கவில்லை. "வாப்பா சுகமா?" என்றார். அவர் இப்போது இல்லை என்றேன். நானா பழையதை வாங்கிக்கொண்டு காருக்குள் குனிந்தார். கழற்றிய சின்னதைப் பையில் போட்டுத் தரும்போது, "வாப்பாட்ட செல்லல்ல, என்ன?" என்றார். தலையசைத்தேன்.

உங்கள் ஆட்டைத் திவசம், முதல் வருடத்துத் திதி, அடுத்த மாதம். அண்ணா வருகிறான். இந்தக் கடிதம் அதற்கு முன் வந்தாலும் வராவிட்டாலும், படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட இருக்கும்போது, அம்மாவுக்கும் அவனுக்கும் முன்னால் என் வாயால் சொல்வேன். அவர்கள் இலையை விட்டு எழுந்து போனாலும் சொல்லி முடிப்பேன். மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. சொல்வேன் என்ற வாக்கு மட்டும் தருகிறேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஒரு பக்கம் வான் நின்றது, மறுபக்கம் தண்ணீர்த் தாங்கிச் சுவர். பழைய ஸ்டியரிங்கோடு கார் முதல் தடவையிலேயே உள்ளே போனது.

எதை எடுப்பது என்று நீங்கள் கேட்ட,
உங்கள் மகள்
வெள்ளவத்தை