அந்தப் பக்கத்தாரைப் பற்றிப் பன்னிரண்டு குறிப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

முதலாளியம்மா காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். வரும் திங்கட்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வருகிறாராம். எல்லைக்கு அப்பால் இருக்கும் நாட்டை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அந்தப் பக்கம்" என்றாலே புரிந்துவிடும். அவர்களுடைய சிறு நகரங்களுக்குக் குடிநீர் ஏற்ற முந்நூறு பம்புகள் வேண்டுமாம். ஆய்வாளர் சரி என்றால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் இரண்டாம் ஷிப்டை மூடவேண்டியதுதான் என்றார். அதில் நாற்பது பேர்.

தொழிற்சாலையில் அவர்கள் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அஞ்சல் வழியில் கற்றது. பேசினால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். அதனால் மொழிபெயர்ப்பு என் தலையில். கூடவே இன்னொரு வேலை: அவர்களிடம் எப்படிப் பழகவேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு சின்னக் கையேடு. பன்னிரண்டு குறிப்புகள், வெள்ளிக்கிழமைக்குள்.

பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். இங்கே மட்டும் உண்மையை எழுதிவைக்கிறேன்: அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

மார்ச் 5, வியாழன்

அப்பாவைப் பிடித்தேன். முப்பது வருஷம் எல்லைச் சுங்கச்சாவடியில் அவர்களுடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். அவரைவிட யாருக்குத் தெரியும்?

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். சிரிக்கவே மாட்டார்களாம். முப்பது வருஷத்தில் சிரித்தவன் ஒரே ஒருத்தன்; அவன் பெட்டியில் பதினாறு கைக்கடிகாரம் இருந்ததாம். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் முகம் இறுகிவிடுமாம். தப்பை ஒப்புக்கொள்ளவே மாட்டார்களாம். நாம் ஒப்புக்கொண்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். நிமிஷம் பிசகாமல் வருவார்களாம்.

ஏழு குறிப்பு தேறியது. மிச்சம் ஐந்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டேன். அதில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண். பரவாயில்லை, பன்னிரண்டு வந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

கையேடு அச்சாகி வந்தது. அட்டை நீலம். முதலாளியம்மா படித்துவிட்டு, நீ இவ்வளவு தெரிஞ்சவள்னு எனக்குத் தெரியாம போச்சே என்றார். எனக்கும்தான்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, கறுப்புக் கண்ணாடி, கையில் தோல் பை. காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். வாசலில் சிரித்தார். வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தார். பம்பைப் பார்த்தும் சிரித்தார், சத்தமாக, ஹாஹா என்று.

எங்கள் பக்கம்? வரிசையாக முப்பது பேர், முதல் குறிப்பின்படி, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம். என் பக்கத்தில் நின்ற ஃபோர்மேன், அவர் பேசினாலே கூரைத் தகடு அதிரும், இன்று வாயைத் திறக்கவில்லை. என் காதருகே மட்டும், "என்னம்மா, இவர் நம்ம கையேடு படிக்கலையா?" என்றார்.

டீ வந்தது. ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் மனைவி, ஒரு மகள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குடும்பத்தைப் பற்றிக் கேட்கக்கூடாதே, எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். கணக்கர் மட்டும் வாய் தவறி "உங்க..." என்று ஆரம்பித்து, முதலாளியம்மாவின் பார்வை பட்டதும், "உங்க டீயில சர்க்கரை போதுமா?" என்று முடித்தார்.

ஆய்வாளர் படத்தை மெதுவாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அது எனக்கு ஏன் உறுத்துகிறது?

மார்ச் 10, செவ்வாய்

எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நிமிஷம் பிசகாதவர்கள் என்று எழுதியவள் நான். எல்லோரையும் ஏழு ஐம்பதுக்கே வாசலில் நிறுத்தினேன். அவர் வந்தது ஒன்பதுக்கு. எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு, எப்போதிலிருந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, சிரித்தார்.

முதலாளியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். நம்மைக் காக்க வைக்கணும்னே பண்றார் என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். நான்தான் சொன்னேனே என்றார். எதைச் சொன்னார்? அவர் சொன்னதற்கு நேர்மாறாகத்தானே நடக்கிறது!

மார்ச் 11, புதன்

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்துவிட்டேன். எழுதினால்தான் மனசு அடங்கும்.

இன்று சோதனை. பம்பு ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் லேசாக அதிர ஆரம்பித்தது. பிறகு பலமாக. ஃபோர்மேன் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் காரணம் தெரியும் என்று தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். முதலாளியம்மா நீலக் கையேட்டை லேசாக உயர்த்திக் காட்டினார். நாலாவது குறிப்பு: தவறை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபோர்மேன் வாயை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர், காரணம் என்ன என்று கேட்டார். யாரும் பேசவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். அப்போதும் இல்லை. பம்பு தடதடவென்று ஆடி, தண்ணீர் பீய்ச்சி, அவர் கண்ணாடியெல்லாம் நனைந்தது. எங்கள் முப்பது பேரையும் பார்த்தார். பிறகு ஹாஹா என்று சிரித்தார்.

ஃபோர்மேன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார். அதுதான் பயமாக இருந்தது. "இருபத்திரெண்டு வருஷம் இந்த வேலை பாக்கறேன். என் வேலையைப் பார்த்து எவனும் சிரிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி ஆய்வாளர் என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கோப்பை மூடினார். நாளைக்கே ஊர் திரும்புவதாகச் சொன்னார்.

நாற்பது பேர். நான் எழுதின பன்னிரண்டு வரி. யாரைக் கேட்டு எழுதினேன்? என்னத்தைத் தெரிஞ்சு எழுதினேன்? பார்த்ததே இல்லையே — ஒரு ஆளைக்கூடப் பார்த்ததில்லையே நான்!

மார்ச் 12, வியாழன்

விருந்தினர் விடுதிக்குக் காலை ஏழு மணிக்கே போனேன். யாரும் அனுப்பவில்லை. அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், நேற்று ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மூடுவதை நிறுத்தினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பச்சை அட்டை. எங்களைப் பற்றி அவர்கள் அலுவலகம் அச்சடித்தது.

நின்றபடியே படித்தேன். நாங்கள் எதற்கெடுத்தாலும் சிரிப்போமாம். கூடச் சிரிக்காவிட்டால் மனம் புண்படுமாம். சங்கடமான நேரத்தில் சிரித்தால்தான் நிலைமை தணியுமாம். எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவோமாம். ஆகவே ஒன்பதுக்கு வேண்டுமென்றால் எட்டு என்று சொல்லவேண்டுமாம். பார்த்த ஐந்தாவது நிமிஷம் குடும்பத்தைப் பற்றி விசாரிப்போமாம். படம் ஒன்று தயாராக இருக்கட்டும் என்று போட்டிருந்தது. அப்புறம், இவர்கள் தவறை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதுவும் நாலாவது குறிப்புதான்.

படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களை என்னவென்று நினைத்தார்கள்? எந்த முட்டாள் இதை எழுதியது என்று கேட்டே விட்டேன். ஒருமுறை இங்கே வந்து மூன்று நாள் ஹோட்டலில் தங்கிய அதிகாரி என்றார்.

மூன்று நாள். என்னைவிட மூன்று நாள் அதிகம்.

நீலக் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். நம் எழுத்து அவருக்குத் தெரியாது. நானே வரிவரியாக அவர் மொழியில் சொன்னேன். ஒன்பதாவது குறிப்பு வரும்போது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக மேலே போனது. அவருடைய நிஜமான சிரிப்பு அவ்வளவுதான் என்று அப்போது தெரிந்தது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்குச் சத்தமா சிரிக்கவே வராதும்மா. ரெண்டு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். என் பொண்ணு பயந்துட்டா."

ரயிலை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஃபோர்மேன் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன்: நேற்று சிரித்தது தப்பு, உங்கள் வேலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். ஃபோர்மேன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"பேரிங்கை நான்தான் சாய்வா மாட்டிட்டேன். அவசரத்துல. நேத்தே சொல்லியிருப்பேன், இந்தம்மா எழுதினதைப் பாத்து வாயை மூடிக்கிட்டேன்."

ஆய்வாளர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, பச்சைப் புத்தகத்தில் நாலாவது குறிப்பை அடித்தார். காரணத்தைச் சொல்லிவிட்டால் மறுபடி சோதனை செய்ய எனக்கு அதிகாரம் உண்டு, நேற்று இரண்டு தடவை கேட்டது அதற்காகத்தான் என்றார்.

மார்ச் 13, வெள்ளி

ஆறு மணி நேரம். அசையவில்லை. மேலே வைத்த டீ டம்ளரில் அலைகூட இல்லை.

கணக்கர் இன்று கேட்டேவிட்டார், உங்களுக்கு ஒரே பொண்ணா என்று. படம் வெளியே வந்தது. அரை மணி நேரம் வேலை கெட்டது.

மார்ச் 15, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு ஆய்வாளரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஃபோர்மேனையும். அப்பா காலையிலிருந்தே விறைப்பாக இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பட்டன் கழுத்துவரை. ஒரு மணி என்று சொல்லியிருந்தேன். ஆய்வாளர் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து, தெருவிலேயே இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு மணியடித்தார். ஃபோர்மேன் ஒன்றே முக்காலுக்கு வந்தார். இந்த இரண்டு குறிப்பையும் அடிக்க முடியாது போலிருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஆரம்பித்தார். முப்பது வருஷம் உங்க ஆளுங்களைப் பார்த்திருக்கேன், ஒருத்தனைத் தவிர யாரும் சிரிச்சதில்ல, அது ஏன்னு இவர்கிட்ட கேளு என்றார். எனக்கு உயிர் போயிற்று. கேட்டேன்.

அவர்களை எங்கே பார்த்தார் என்று ஆய்வாளர் கேட்டார். சுங்கச்சாவடியில் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்:

"உங்க மேசைக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு யாருங்க ஐயா சிரிப்பாங்க?"

அப்பா எழுந்தார். கையைக் கழுவப் போனவர் கொல்லைக் குழாயடியில் நெடுநேரம் நின்றார். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை எப்போதோ கழுவி ஆகிவிட்டது. "குடும்பத்தை ஏன் கேட்டேன்னு நெனைக்கிற? உண்மை சொல்றாங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன். முகம் இறுகாம என்ன பண்ணும்" என்றார், என்னிடம் இல்லை, குழாயிடம்.

பிறகு உள்ளே வந்து, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, உங்க ஊர்ல மழை எப்படி என்று கேட்டார். அப்பாவுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. முப்பது வருஷத்தில் கேட்காத கேள்வி. பதில் நாலு மணிவரை போயிற்று.

மார்ச் 27, வெள்ளி

கடிதம் வந்தது. முந்நூறு இல்லை, நூற்றைம்பது. மிச்சம், இவை ஒரு மழைக்காலம் ஓடிய பிறகு. முதல் சோதனை தோற்றதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறார், காரணத்தை ஃபோர்மேன் தானே முன்வந்து சொன்னதையும். முதலாளியம்மாவுக்கு முதலில் வருத்தம், முழுசா மறைச்சிருக்கலாமே என்று. பிறகு அவரே, இரண்டாம் ஷிப்ட் தொடரும் என்று பலகையில் எழுதினார்.

பம்புகளைப் பொருத்த ஃபோர்மேனும் மொழிபெயர்க்க நானும் அந்தப் பக்கம் போகவேண்டும். மூன்று மாதம். புதிய கையேடு எழுதித் தரவா என்று விளையாட்டாகக் கேட்டேன். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

இங்கே வந்து எட்டு வாரம். நாலு நாளாகக் காய்ச்சல். இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

கீழ் வீட்டு அம்மா நாலு நாளும் கஞ்சி கொண்டுவந்தார். கதவைத் தட்டுவார், வைப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், பேசாமல் போய்விடுவார். இரண்டாம் நாள், உங்கள் நாட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் அடிக்கடி காய்ச்சல் வருமாமே என்று கேட்டார். இல்லையம்மா, எனக்கு மட்டும்தான் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். ஃபோர்மேன் பத்தாவது பம்பை ஓடவிட்டுவிட்டு மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் முன்பு இதே தாளில், "இந்த நாட்டு மக்கள் ரொம்ப நல்லவர்கள்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

கீழ் வீட்டு அம்மா நல்லவர். அவர் வீட்டுக்காரர் மாடிப்படி விளக்கைப் போடவிடாத கஞ்சர். எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் தெரியாது. நாளைக்குப் போய்ப் பேசிப் பார்க்கவேண்டும்.