தண்ணீரில் இறங்கிய கணக்கு டீச்சர்

என் செல்லச் சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படி இல்லையென்றால் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் சுகமாகிவிடுங்கள். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்தது, வெயில் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பாட்டி போன பிறகு வீட்டில் மத்தியானங்கள் நீண்டுவிட்டன. அவள் அறைச் சன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது, உள்ளே யாரோ தூங்கி மூச்சு விடுவதுபோல. அந்தப் பக்கம் போகும்போது நானும் அம்மாவும் காலை மெதுவாகத்தான் வைக்கிறோம், ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாயே. பாட்டியை நினைத்தால் முகம்கூட முழுசாக வருவதில்லை, நீலமாக ஒரு வெளிச்சம்தான் வருகிறது, அதில் யாரோ மிதக்கிறார்கள், முதுகுக்கு அடியில் ஒரு உள்ளங்கை இருக்கிறது, அது நிஜமா, நீயே கண்ட கனவா என்று. நிஜம்தான் சிட்டு. அப்போதே சொல்லியிருப்பேன், போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. நீ அப்போது ரொம்பச் சின்னவள், நடந்ததில் பாதி கரைந்துபோயிருக்கும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாட்டி கணக்கு டீச்சராக இருந்தது உனக்குத் தெரியும், எப்படிப்பட்ட டீச்சர் என்று தெரியாது. பெண்கள் பள்ளியில் அவளுக்குக் கோணமானி என்று பட்டப்பெயர். பதில் தப்பாக வந்தால் திட்டமாட்டாள், தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாள், அவ்வளவுதான், பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அவளிடம் படித்த ஒருத்தி பெரிய வங்கியில் மேலாளராகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், கடைத்தெருவில் பாட்டி எதிரே வந்தால் தின்றுகொண்டிருந்த ஐஸ்கிரீமைப் பின்னால் மறைத்துக்கொள்வாள், பாட்டி நலம் விசாரித்து முடிப்பதற்குள் அது முழங்கை வரை வழிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, இனி எனக்கு ஒரே ஒரு மாணவிதான் என்று உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். டியூஷன் கேட்டு வாசலுக்கு வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டாள். அம்மா தொலைபேசி அலுவலகத்துக்கும் நான் அச்சகத்துக்கும் போய்விடுவோம், பள்ளி விட்டு நீ வரும்போது கதவைத் திறப்பது அவள்தான்.

அந்தக் கோடையில்தான் ஆற்றங்கரையில் நீ வழுக்கி விழுந்தாய். உன் மாமா எட்டி முடியைப் பிடித்து இழுத்துவிட்டார், ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் என்றாலே உனக்கு உயிர் போய்விடும். தலைக்குக் குளிப்பாட்டுவது போர்க்களம், மழை பெய்தால் காதைப் பொத்திக்கொள்வாய். வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நீ வளர்ந்தாய், பயமும் கூடவே வளர்ந்தது. ஒருநாள் பாட்டி உன்னை நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டாள், நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாய். அவள் இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து குனிந்து, "நீ இறங்க வேண்டாம். நான்தான் கத்துக்கப் போறேன். எனக்குத் துண்டு பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், வர்றியா?" என்றாள்.

பாட்டிக்கு நீச்சல் தெரியாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இந்த வயதில் எதற்கம்மா, ஊர் சிரிக்கும் என்றேன். என்னையும் அந்தக் கோணப் பார்வை பார்த்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற மாதிரி நீச்சல் உடை தைக்கச் சொன்னதும், இப்படி ஒன்றுக்கு நான் அளவெடுத்ததே இல்லையே டீச்சர் என்று தையல்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஏதோ தைத்தார், அதைப் போட்டுக்கொண்டு, தலையில் ரப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சின்னச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே கோணமானி டீச்சர் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பயிற்சி கொடுப்பவர், விசில்காரர் என்று நீ சொல்வாயே அவர்தான், சிரிப்பை அடக்க விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நீ மேலே பெஞ்சில் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

பாட்டியால் குளத்து ஓரக் கம்பியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. நாள் நாளாகப் போயும் எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் மீன்குஞ்சாகிவிட்டார்கள், இவள் அதே மூலையில். பார்த்துப் பார்த்து உனக்குத்தான் பொறுமை போயிற்று. விசில்காரர் சொல்வதையெல்லாம் பெஞ்சிலிருந்தே அவளுக்குத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாய். மூச்சை ஊது பாட்டி, காலை உதை பாட்டி என்று. பெஞ்சிலிருந்து சொன்னால் காதில் விழவில்லை என்றாள் அவள், நீ விளிம்புக்கு வந்தாய். உதைப்பது எப்படி என்று புரியவில்லை என்றாள், நீ விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக் காட்டினாய். இதெல்லாம் அவள் நடிப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் உங்களைக் கூட்டிவர நானும் போயிருந்தேன். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தண்ணீர், சுவர், உன் முகம் எல்லாம் நீலமாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கம்பியை விட்டாள், ஓரடி போனாள், மூழ்கினாள். விசில்காரர் குதிப்பதற்கு முன்னால் நீ படிகளில் ஓடி இறங்கியிருந்தாய், மார்பளவுத் தண்ணீரில் நின்று அவள் கையைப் பிடித்து இழுத்தாய். அவள் இருமிக்கொண்டே எழுந்தாள். எங்கே நிற்கிறோம் என்று உனக்கே தெரியவில்லை. பிறகு விசில்காரர் அவளை மல்லாக்கப் படுக்கச் சொன்னார், பாட்டியின் முதுகுக்கு அடியில் நீ இரண்டு கையையும் வைத்துத் தாங்கினாய். முதலில் மிதந்தது அவள்தான் சிட்டு, உள்ளங்கை உன்னுடையது. அதற்கடுத்த நாட்களில்தான் நீ மிதந்தாய், அவள் தாங்கினாள். இரண்டும் உனக்குள் ஒன்றாகக் கலந்திருக்கிறது, அது தப்பில்லை.

இனிமேல் சொல்லப்போவது எனக்கே இப்போதுதான் தெரியும். விசில்காரர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார், கண் மங்கிவிட்டது, மகள் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். நீ படிக்க வெளியூர் போன பிறகும், இடுப்பு ஒத்துழைத்த வரைக்கும், பாட்டி பெண்கள் நேரத்தில் குளத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாளாம். நடைப்பயிற்சி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். புதிதாக வந்து கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்து, கூடவே இறங்குவாளாம். உன்னைக் கூட்டிக்கொண்டு போன முதல் நாளே அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாளாம். அவள் சொன்னபடியே சொல்கிறேன் என்று அவர் சொன்னார். "எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். என் கண்ணு முன்னாடி தண்ணியில போனான். அதுலேர்ந்து குளம் இருக்கற தெருவுலகூட நான் நடந்தது இல்ல. என் பேத்தி அப்படிச் சுத்திச் சுத்திப் போகக் கூடாது. நான் நடுங்கினா நீங்க கண்டுக்காதீங்க."

எனக்கு ஒரு தாய்மாமா இருந்தது இத்தனை வயதுக்குப் பிறகு தெரிகிறது. அம்மாதான் அவருக்குக் காபி கொடுத்தாள். குளத்துக்கு வந்த கடைசி வருஷம் அவர் பாட்டியிடம் கேட்டாராம், இப்போதாவது பயம் போயிற்றா டீச்சர் என்று. "எங்க போச்சு. தினமும் என்கூடத்தான் இறங்குது" என்றாளாம்.

பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று நீ அன்றைக்கு மெதுவாகச் சொன்னாய். பயப்படாதே, பயப்படாதே என்று நானும் அச்சடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னதை மறந்துவிடு. பயந்துகொண்டே போ கண்ணு, மாப்பிள்ளை கையை நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள், வலித்தால் அவர் பொறுத்துக்கொள்ளட்டும். அம்மா அடுத்த மாதம் உன் வீட்டில் இருப்பாள், டிக்கெட் எடுத்தாயிற்று.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, குளியலறையில் ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நீயும் குட்டியும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். உன் தலையைத் தடவிக் கொடுக்கிறேன்.

என்றும் உன்
அப்பா

அம்மா எட்டிப் பார்த்து, தன் அன்பையும் எழுதச் சொல்கிறாள்.