‘சுத்தம் செய்யும்’ என்று எழுதியவனை நான் விடவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவின் தொண்டையில் புண் ஆறிவிட்டது, குரல்தான் இனி வராது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார், இவர் சின்னப் பலகையில் எழுதி எழுதியே என்னோடு சண்டை போடுகிறார்.

“விட்டுடும்மா, ஏதோ தெரியாம நடந்தது” என்று எழுதியிருந்தாய். நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து தன் குரலைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தாரே, உன்னைக் கூப்பிடுவது, என்னைத் திட்டுவது, பேப்பர் படிப்பது, எல்லாவற்றிலும் மின்விசிறி கரகரவென்று கேட்டது. அதை எடுக்கலாமென்று நீ காட்டித்தந்த, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்தமூல மென்பொருள் பட்டியலில் தேடினேன். ஒன்றுக்குக் கீழே “ஒலிக்கோப்புகளை நொடியில் சுத்தம் செய்யும்” என்று ஒரே வரி. இரைச்சலைத்தான் சொல்கிறான் என்று நம்பி அழுத்தினேன். அது இடம் மிச்சம் பிடிக்கப் பழைய கோப்புகளை அழிக்கிற சாமானாம். ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையும் துடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இரண்டு நாள் தேடிவிட்டுக் கையை விரித்தார். அப்பா பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அதை உருவாக்கியவனுக்கு எழுதினேன். “புரியறவங்களுக்குப் புரியும், புரியாதவங்க தொடக்கூடாது” என்று பதில். யாரிடம் சொல்கிறான் பார். முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் நான், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதாமல் ஒரு மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்ததில்லை.

அந்தப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் விளக்கத்தைத் திருத்தி அனுப்பலாம், நடத்துகிறவர்கள் சரிபார்த்துப் போடுவார்கள். அவன் அதில் போட்டிருந்த ஒன்பது மென்பொருளையும் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிப் பார்த்து, எது என்ன செய்யும், எதைக் கெடுக்கும் என்று எழுதினேன், ஒரு பொய் இல்லை. முதலாவதற்கு, “இது இரைச்சலை நீக்காது. கோப்புகளை அழிக்கும். கேட்காமல் அழிக்கும். திரும்பக் கிடைக்காது.” எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். பத்து நாளில் அவனே எழுதினான், “யாரும் எடுக்கறதில்ல மேடம், கொஞ்சம் பதமா எழுதக்கூடாதா” என்று. “புரியறவங்க எடுப்பாங்க” என்று பதில் போட்டேன். அன்றைக்குத்தான் சோறு தொண்டையில் இறங்கியது. அப்பா பலகையில் “பாவம், போதும்” என்று எழுதிக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன வாரம் அவன் அதை மாற்றிவிட்டான், இப்போது இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது. உண்மை உண்மைதானே, அதையும் சேர்த்தேன். ஆனால் “முன்பு கேட்காமல் அழித்தது” என்ற வரியை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். நீ அவனுக்குப் பரிந்துகொண்டு வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள், இரண்டு பேரும் நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, உன் பழைய போனைச் சார்ஜ் போட்டுத் தேடிப் பார். அப்பா உனக்குப் பேசி அனுப்பியது “சாப்பிட்டியா” என்று ஒரு வார்த்தை இருந்தாலும் அப்படியே அனுப்பு. இரைச்சல் இருந்தால் இருக்கட்டும்.

உன் அம்மா