இரண்டாம் கியரும் ஒரே ஒரு 'ஆமா'வும்

பிப்ரவரி 4, புதன்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. வண்டி பார்க்க ஆள் வருவதால் அரை நாள் லீவு. பத்திர எழுத்தர் ஆபீசில் என்னை விட்டால் டைப் அடிக்க ஆளில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

வண்டியைத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் வண்டி, இவரைவிட ஐந்து வயது மூத்தது. வலது காலில் கியர் போடுகிற பழைய மாடல் மோட்டார் சைக்கிள். எட்டு மாதமாகக் கொட்டகையில் சும்மா நிற்கிறது. இவருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து. வலது கை, வலது கால் வராது. முப்பது வருடம் கணக்கு வாத்தியார். பேச்சில் மிஞ்சியது 'ஆமா' மட்டும். எழுதவும் வராது.

சாப்பிட்டீங்களா? ஆமா.
வலிக்குதா? ஆமா.
வண்டியை வித்துடலாமா? ஆமா.

அப்படித்தான் முடிவானது.

வந்தவர் மோகன், குயிலாப்பாளையத்துக்காரர். வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர். மரியாதையான ஆள். பன்னிரண்டு உதை உதைத்து ஸ்டார்ட் செய்தார். மயிலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பினார்.

"செகண்டு கியர் நிக்க மாட்டேங்குதும்மா. ஆக்சிலேட்டர் குடுத்தா டக்குன்னு நியூட்ரலுக்கு வந்துடுது. உள்ள பல்லு தேஞ்சு போச்சு. இதப் பிரிச்சு யாரு வேல பண்ணிக்கினு இருக்கறது? பார்ட்ஸ் பார்ட்ஸா கழட்டி எடுத்துக்கறேன்."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்து இவர், "ஆமா! ஆமா! ஆமா!" இடது கையால் கட்டில் சட்டத்தில் அடி. தண்ணீர் டம்ளர் உருண்டது.

"சார் சரின்னுட்டாரும்மா," என்றார் மோகன்.

இவர் கண்ணைப் பார்த்தேன். சரி என்று சொல்கிற கண் இல்லை அது.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில். ஆபீசில் ஒரே பெயரை மூன்று முறை தப்பாக அடித்தேன். எட்டு மாதத்தில் எத்தனை 'ஆமா' உண்மையில் 'இல்லை'யாக இருந்திருக்கும்?

- தினம் காலையில் ரவை உப்புமா
- என் தங்கை சொல்லி இவருக்கு மொட்டை அடித்தது
- சாயங்காலம் டி.வி. சீரியல் (கேட்டால் ஆமா. நானும் வைத்துவிட்டுப் போய்விடுவேன்)
- வண்டி

உப்புமாவை நிறுத்தி இன்று தோசை வார்த்தேன். ஐந்து சாப்பிட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

விழுப்புரம். இவருக்கு பிசியோதெரபி. அந்த ஒரு மணி நேரத்தில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்கைத் தேடி அலைந்தேன். முதல் கடையில் நின்றுகூடக் கேட்கவில்லை. "அந்த வண்டியா? பேஜாருங்க, வித்துடுங்க." கேட்டுக் கேட்டு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை. காஜா பாய் என்கிறார்கள். அறுபது இருக்கும். கை முழுக்க கிரீஸ்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கியர் லீவர் மேல காலை அழுத்தியே வச்சிருந்தா செகண்டு நிக்குதா, அப்பவும் கழண்டுக்குதா?"

"தெரியலீங்க. வண்டி என் வீட்டுக்காரரோடது. அவரால பேச முடியாது."

"பேச்சு எதுக்கும்மா? இஞ்சின் ஓடறப்ப எங்களுக்கு மட்டும் என்னா கேக்குது? கையிலதான் பேசிக்கினு இருக்கறோம். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை ஒரு பையன் எழுந்து இவருக்குக் கொடுத்தான். நல்லா இருக்கணும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எல்லாவற்றையும் மறக்காமல் எழுதிவிட வேண்டும்.

பாய் ஒன்பதரைக்கு வந்தார், தோளில் டூல்ஸ் பை. டீகூட அப்புறம் என்றார். இவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளி வந்தோம், அவரும் நானும். பாய் வண்டியைப் பார்க்கவில்லை. இவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"சார், சரின்னா கட்டவெரல் மேல. இல்லன்னா கீழ. வாயத் தொறக்க வேணாம். கியர் ஆயில் பிரச்சினையா?"

இவர் இடது கட்டைவிரல் கீழே.

"கிளட்சா?"

கீழே.

"உள்ள பல்லு தேஞ்சிருக்கா?"

கீழே. கீழே. இரண்டு தரம்.

"அப்ப வெளிய, லீவர நிறுத்தற அந்தத் தகடா?"

மேலே. வாயிலும் "ஆமா". எட்டு மாதத்தில் விரலும் வாயும் ஒன்றாகச் சொன்ன முதல் ஆமா.

பாய் அப்படியே நம்பிவிடவில்லை. கியர் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. வேறு ஆயில் ஊற்றி, லீவரில் காலை அழுத்தியபடியே தெருக்கோடி வரை ஓட்டினார். செகண்டு நின்றது. காலை எடுத்ததும் கழன்றது. "பல்லு தேஞ்சிருந்தா, கால வச்சாலும் நிக்காதும்மா. கியர் முழுசா விழல. அவ்ளோதான்."

பிறகு கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடி. அது ஒரே ஒரு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தகடு, லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்துவது. அதைப் பிடிக்கும் இரண்டு நட்டில் ஒன்று கையாலேயே சுற்றியது.

"யாரோ பாதியில உட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார் பாய்.

இவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கவாதம் வந்த அன்று காலை இவர் விழுந்து கிடந்தது இந்தக் கொட்டகையில், வண்டியை ஒட்டி. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை நான்தான் எடுத்துப் பெட்டியில் போட்டேன். நட்டு முடுக்காமல் இருப்பது எட்டு மாதமாக இவருக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

தகட்டை நகர்த்த, சக்கரத்தைச் சுற்ற, கியரைப் போட்டுப் பார்க்க, மறுபடி நகர்த்த. ஒவ்வொரு தடவையும் பாய் இவரைத் திரும்பிப் பார்ப்பார். விரல் கீழே, விரல் கீழே, விரல் மேலே. நட்டை முடுக்கினார். மயிலம் ரோடு வரை போய் வந்தார். செகண்டு கல் மாதிரி நிற்கிறது.

"சார்தான் கண்டுபுடிச்சது. நான் ஸ்பேனர் புடிச்சேன், அவ்ளோதான்."

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். மீன் குழம்பு. இரண்டாம் முறை சாதம் வாங்கிக்கொண்டார். பஸ் ஏற்றிவிடப் போனபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டேன். என் தலையில் கையை வைத்தார். கனமான கை. ரொம்ப நேரம் அதை எடுக்கவேயில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணி லாரி வரவில்லை. தங்கைக்குப் போன் போட வேண்டும், மொட்டை விஷயம்.

மோகன் கூப்பிட்டார். வண்டி சரியாகிவிட்டது என்றேன். அப்படியானால் கழட்ட மாட்டேன், முழுசாக ஓட்டவே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க. அவரைக் கேட்டுச் சொல்றேன்."

கொடுக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயம். போனை மூடிக்கொண்டு கேட்டேன். "வித்துடலாமா?"

யோசித்தார். கட்டைவிரல் மேலே.

"நெஜமாவா?"

மேலே. பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டியை நகர்த்தச் சொல்லிச் சைகை. நகர்த்தினேன். சட்டைப் பையில் இருந்து சாக்பீஸ் எடுத்தார்; வாத்தியார் பழக்கம், இன்னும் வைத்திருக்கிறார். குனிந்து, இடது கையால், வண்டி நின்ற இடத்தில் தரையில் இரண்டு நீளக் கோடு. கோணல்தான், ஆனால் இணையாக.

முதலில் புரியவில்லை. இவர் எட்டி என் கையைப் பிடித்து ஒரு கோட்டின் மேலும், தன் கையை இன்னொன்றின் மேலும் வைத்தார். அப்புறம் தன் வலது காலைத் தட்டினார்.

விழுப்புரத்தில் பிசியோதெரபிக்குப் பிடித்துக்கொண்டு நடக்கிற அந்த இரட்டைக் கம்பி.

மோகனிடம் சரி என்றாயிற்று, கம்பி நட வெல்டிங் கடைக்கும் சொல்லியாயிற்று. நாளைக் காலை அளவெடுக்க வருகிறார்கள்.